தலைமெட்டு: ஒரு மலிவான கருவியின் வரலாறு

கிதார் கற்கத் தொடங்கிய ஒருவர் சில மாதங்களுக்குள் ஒரு சிக்கலுக்கு வந்து சேர்வார். மேலையிசையில் கார்ட் என்று வழங்கும் சுரக்கூட்டுகளில் ஐந்தாறு அவர் விரலுக்குப் பழகியிருக்கும். பாட்டும் மனப்பாடமாகியிருக்கும். ஆனால் அந்தச் சுரக்கூட்டுகள் நிற்கும் சுருதியில் அவர் குரல் நிற்காது. கீழே போனால் கரகரக்கும், மேலே போனால் கீச்சிடும். இசைக்கருவிக் கடையில் இதைச் சொன்னால் ஒரு சிறிய இடுக்கியை எடுத்து நீட்டுவார்கள். அதன் பெயர் கேப்போ. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது? இந்த எளிய கேள்விக்கான விடை அக்கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது என்று தோன்றுவதால் இக்கட்டுரை.

வீணையில் நாம் மெட்டு என்கிறோமே, கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளும் அவைதாம். ஒவ்வொரு மெட்டும் அரைச்சுரம். கழுத்தின் தலைப்பில் தந்திகள் ஏறியமரும் எலும்புத் துண்டிலிருந்து அடிப்பாலம் வரை வழக்கமான செவ்வியல் கிதாரில் 650 மில்லிமீட்டர். கேப்போவை முதல் மெட்டில் கட்டினால் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 613 ஆகிறது. ஐந்தாம் மெட்டில் 487, பன்னிரண்டாம் மெட்டில் சரிபாதியாக 325. ஆறு தந்திகளும் ஒரே அளவில் குறுகுவதால் விரல்கள் பழைய வடிவங்களையே பிடிக்கலாம், சுருதி மட்டும் ஏறிவிடும். நம் கச்சேரி மேடையில் பாடகரின் கட்டைக்கு ஏற்ப வயலின்காரர் தந்திகளை முறுக்கியோ தளர்த்தியோ கொள்கிறார். மிருதங்கக்காரர் வேறொரு மிருதங்கத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார். கிதார்காரருக்கு அந்த வேலையைச் செய்வது இந்த இடுக்கி.

பெயரின் கதை சுவையானது. இத்தாலிய மொழியில் காப்போ என்றால் தலை. தாஸ்தோ என்றால் விரல் தொடும் இடம், அதாவது மெட்டு. காப்போதாஸ்தோ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘தலைமெட்டு’ என்று வரும். ஜியோவான்னி பத்திஸ்தா தோனி என்ற இத்தாலிய இசையறிஞர் 1640இல் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அவர் குறித்தது கழற்றி மாட்டும் இடுக்கியை அன்று. வியோலா ட காம்பா என்னும் வில்லிசைக் கருவியின் தலைப்பிலுள்ள நிலையான துண்டையே அவர் அப்படிச் சொன்னார். பின்னால் தலைமெட்டு இடம்பெயரக் கற்றுக்கொண்டது, பெயரும் கூடவே நகர்ந்தது. ஸ்பானியர்கள் இதைச் செஹியா என்கிறார்கள். ‘சின்னப் புருவம்’ என்று பொருள்.

அந்த இடப்பெயர்ச்சியைத் தெளிவாகக் காண 18ஆம் நூற்றாண்டு இலண்டனுக்குப் போக வேண்டும். அங்கே 1750களிலிருந்து ‘ஆங்கிலக் கிதார்’ என்றொரு கருவி வீட்டுக் கூடங்களில் பரவியது. பெயரில்தான் கிதார், உடலமைப்பில் சிட்டர்ன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை வாசித்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பெண்கள், பாட்டுக்குத் துணையாக வாசித்தார்கள். அக்கருவியின் கழுத்தில், முதல் சில மெட்டுகளுக்கு நடுவே, துளைகள் இருக்கும். ஒரு சிறு சட்டத்தைத் தந்திகளின் மேல் வைத்து, துளை வழியே திருகாணி செலுத்தி, பின்புறம் முடுக்கிவிடுவார்கள். பாடுபவரின் குரல் எங்கே நிற்கிறதோ அந்தத் துளை. இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ள ஆங்கிலக் கிதார்களில் இத்துளைகளைக் காணலாம்.

இந்த மோகம் ஹார்ப்சிகார்ட் செய்பவர்களின் வயிற்றில் அடித்தது. இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். புகழ்பெற்ற ஹார்ப்சிகார்ட் தயாரிப்பாளரான கிர்க்மன், விற்பனை சரிந்து நொடிந்துபோகும் நிலையில் ஓர் உபாயம் செய்தாராம். மலிவான கிதார்கள் சிலவற்றை வாங்கி, தொப்பிக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கும் தெருப்பாடகர்களுக்கும் இனாமாகக் கொடுத்தார். இரண்டு மூன்று சுரக்கூட்டுகளையும் கற்றுக்கொடுத்தார். கடைப்பெண்ணும் தெருப்பாடகியும் வாசிப்பதைத் தாமும் வாசிப்பதா என்று சீமாட்டிகள் நாணிப்போய் ஹார்ப்சிகார்டுக்கே திரும்பினார்களாம்.

இக்கதையை வேடிக்கையாகக் கடந்துவிடலாம். ஆனால் அதனுள் ஒரு கசப்பு இருக்கிறது. கருவி மாறவில்லை, அதன் ஒலியும் மாறவில்லை. அது எவர் கைக்கு வந்தது என்பது மட்டுமே மாறியது. எளிதில் கைவருவது இழிவானது என்ற எண்ணம் அன்று ஒரு வணிகனுக்குப் பயன்பட்டது. தலைமெட்டின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த எண்ணம் பின்தொடர்ந்து வருகிறது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நிகழ்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் வுல்காட்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் ஆஷ்பார்ன் என்பவர் நீர்விசையால் இயங்கும் பட்டறை வைத்து, நடுத்தர வீடுகள் வாங்கக்கூடிய கிதார்களை எண்ணிக்கையில் பெருக்கிச் செய்துவந்தார். நியூயார்க் வணிகர்கள் அவற்றைத் தங்கள் முத்திரையிட்டு விற்றார்கள். 1850இல் கிதாருக்கான கேப்போ ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். இவ்வகையில் முதல் காப்புரிமை இதுவே என்பர். முதல் உரிமை அரசவைக் கைவினைஞர் ஒருவரிடம் போகாமல், மலிவாகக் கிதார் செய்து குவித்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது பொருத்தமானதே.

ஏறத்தாழ அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில், தென் ஸ்பெயினின் பாட்டு விடுதிகளில் ஃபிளமென்கோ மேடையேறிக்கொண்டிருந்தது. அங்கே பாடகரே தலைவர், கிதார்காரர் பக்கவாத்தியம். ஃபிளமென்கோ கிதாரில் அடிப்படையாக இரண்டு கைநிலைகள் உண்டு. அவற்றின் திறந்த தந்திகளின் அதிர்விலும் கைவீச்சிலும்தான் அவ்விசையின் உயிர் இருக்கிறது. வேறு சுருதியில் வாசிக்கிறேன் என்று கைநிலையை மாற்றினால் அந்த உயிர் போய்விடும். ஆகவே பாடகர் மெட்டின் எண்ணையும் கைநிலையின் பெயரையும் சொல்வார், கிதார்காரர் செஹியாவை அங்கே கொண்டுபோவார். அவ்வளவுதான் உரையாடல். இவ்வழக்கத்தைப் புகுத்தியவர் காதிஸ் நகரத்து ஆசான் பத்தீனோ என்று சொல்வதுண்டு. மரபான செஹியா ஒரு மரத்துண்டு, ஒரு தந்தி, வயலின் பிரடையைப் போன்ற ஒரு முறுக்காணி, கழுத்து தேயாமலிருக்க ஒரு தோல்வார் ஆகியவற்றாலானது. எந்தத் தச்சரும் செய்துவிடக்கூடியது.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களுக்கு அத்தச்சரும் தேவைப்படவில்லை. ஒரு பென்சிலும் இரப்பர் வளையமும் போதுமாயிருந்தன. பென்சிலைத் தந்திகளின் மேல் கிடத்தி, கழுத்தின் பின்னால் வளையத்தைச் சுற்றி இறுக்கினால் தலைமெட்டு தயார். இதற்குக் கிடைத்த பட்டப்பெயர்கள் இரண்டு. ஒன்று ‘ஏமாற்றுக்காரன்’. மற்றொன்று ‘மலைநாட்டானின் ஊன்றுகோல்’. எல்லாச் சுருதியிலும் கையோட்டம் இல்லாதவனுக்கான குறுக்குவழி என்ற ஏளனம் இரண்டிலும் ஒலிக்கிறது. கிர்க்மனின் சீமாட்டிகள் வேறு உடையில் மீண்டும் வந்துவிட்டார்கள்.

அந்த ஏளனத்துக்கு விடை வாதத்தில் கிடைக்கவில்லை, பாட்டில் கிடைத்தது. புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் காலின்ஸ் (1932–1993) தனக்கேயான மைனர் சுருதியமைப்பில் தந்திகளைக் கூட்டி, கழுத்தின் நடுப்பகுதி வரை ஏற்றி கேப்போவைக் கட்டி வாசித்தார். பனிக்கட்டி போன்றது என்று புகழப்பட்ட அவரது கூரிய ஒலியை அதிலிருந்து பிரிக்க இயலாது. 1969இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ பாட்டுக்கு ஏழாம் மெட்டில் கேப்போ வைத்தார். கற்றுக்குட்டியும் அறிந்த டி கைநிலைதான். ஆனால் தந்திகள் குறுகி ஒலிப்பதால் மாண்டலினை ஒத்த மினுக்கம் அதில் வந்துவிடுகிறது. அதே ஏ மேஜரைக் கழுத்தின் அடியில் பிடித்து வாசித்தால் அம்மினுக்கம் வராது. ஊன்றுகோல் என்று இகழப்பட்டது புதிய ஒலிக்கான வழியாகவும் இருந்தது.

பென்சிலிலிருந்து இன்றைய கடைக்கு வருவோம். எலாஸ்டிக் பட்டை வைத்தது பழைய, மலிவான வகை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு அமெரிக்க வடிவங்கள் பரவின. ஒரே கையால் அழுத்தி நகர்த்தக்கூடிய கைசரின் சுருள்வில் இடுக்கி ஒன்று. திருகைக் கொண்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷப்பின் நெம்புகோல் வகை மற்றொன்று. இன்று விற்கும் மலிவுப் பொருட்களில் பெரும்பாலானவை இவற்றின் வழித்தோன்றல்களே. விலை ஏற ஏற நாம் பெறுவது பெரும்பாலும் வேகம், வசதி, நீடித்த உழைப்பு ஆகியவையே. செய்யவேண்டிய வேலை பென்சில் செய்த அதே வேலைதான்: எல்லாத் தந்திகளையும் சமமாக அழுத்துவது, தேவைக்கு மேல் அழுத்தாதிருப்பது.

ஆகவே வாங்குபவர் பார்க்கவேண்டியவை சிலவே. முதலாவது, கழுத்தின் முகப்பு. நைலான் தந்தி கொண்ட செவ்வியல் கிதாரில் அது தட்டையானது, அகலமும் தலைப்பில் சுமார் 52 மில்லிமீட்டர். எஃகுத் தந்தி கிதாரில் மெல்ல வளைந்தது, அகலம் சுமார் 43. ஒன்றுக்கான கேப்போ மற்றதில் உட்காராது. நடுத்தந்தியோ ஓரத்தந்தியோ இரையும். இரண்டாவது, அழுத்தம். சுருள்வில் கடுமையானால் தந்தி மெட்டைத் தாண்டி அமுங்கிச் சுருதி ஏறிவிடும். மூன்றாவது, தந்தியைத் தொடும் இரப்பர். அது உறுதியாகவும் பள்ளமின்றியும் இருக்கவேண்டும். கடையிலேயே இரண்டாம் மெட்டை ஒட்டிப் பின்புறமாக வைத்து, ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பாருங்கள். இரைச்சல் இல்லை, கேப்போ வைத்தபின் தந்திகளுக்குள் இணக்கம் கெடவில்லை என்றால் அதற்கு மேல் செலவழிக்க வேண்டிய தேவையில்லை.

உகுலேலேக்காரர்களுக்கு ஒரு சொல். 1879இல் மதேராத் தீவிலிருந்து ஹவாய் வந்திறங்கிய போர்த்துக்கீசியக் குடியேறிகளின் சிறு கருவியிலிருந்து பிறந்தது உகுலேலே. கிதாரின் ஐந்தாம் மெட்டில் கேப்போ வைத்தால் கீழ் நான்கு தந்திகளும் உகுலேலேயின் ஜி, சி, இ, ஏ சுரங்களையே தரும். ஜி மட்டும் வழக்கமான உகுலேலேயில் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். உகுலேலேயிலேயே இரண்டாம் மெட்டில் கேப்போ வைத்தால், 1920களின் அமெரிக்கப் பாட்டுத் தாள்கள் பலவற்றில் காணும் பழைய சுருதியமைப்பு கிடைக்கும். ஆனால் கிதாருக்கான கனத்த இடுக்கியை அதன் மெல்லிய கழுத்தில் மாட்டினால் கருவி தலைசாய்ந்துவிடும். உகுலேலேக்கென்று செய்த சிறியதோ எளிய எலாஸ்டிக் வகையோ போதும். நைலான் தந்திக்கு அதிக அழுத்தமும் வேண்டியதில்லை.

கிர்க்மனின் உபாயம் அவருக்குக் கைகொடுத்ததாகவே பர்னி சொல்கிறார். எனினும் சில பத்தாண்டுகளுக்குள் பியானோ வந்து ஹார்ப்சிகார்டை ஓரங்கட்டியது. ஆங்கிலக் கிதாரும் வழக்கொழிந்தது. அதன் கழுத்திலிருந்த அந்தத் திருகாணியின் யோசனை மட்டும் இன்று வரை பிழைத்திருக்கிறது, பெரும்பாலும் எளியவர்களின் கைகளில். குரல் கருவிக்குப் பணியவேண்டாம், கருவியே குரலுக்காக நகரட்டும் என்பதே அந்த யோசனை. அதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் தரவேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல தந்திக்கட்டு வாங்கிக்கொள்ளலாம்.