ராத்திரி பத்து மணிக்குமேல்

கொரோனா நாடகத்தை வெட்டவெளிக்குக் கொண்டுவந்ததாம். கூத்து எப்போ தெருவை விட்டுப் போச்சு? வடமாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில் களங்களில் பாரதக் கூத்து ராத்திரி பத்துமணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும். அந்தக் கூலியை நம்பித்தான் கூத்தாடி வீட்டில் உலை.

2020 மார்ச் 24இல் ஊரடங்கு விழுந்தது, பருவம் போனது. 2021 ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. 20ஆம் தேதியிலிருந்து ராத்திரி பத்து முதல் நாலு மணிவரை ஊரடங்கு. அப்படியே கூத்தின் நேரம். சாவுக்கு இருபது பேர்தான் என்றதும் பறைக்காரர் பிழைப்பும் படுத்தது. (சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நாம நடத்துற போராட்டம் வேறு. அதில் முடிவு நம்முடையது.)

பிறகு செல்போன். விடியவிடிய ஆடும் கர்ண மோட்சம் துண்டுதுண்டாக யூடியூபில் ஏறியது. சேரிச்சனத்தை எட்டி நில்லென்று போன் சொல்லாது, நிசந்தான். ஆனா பேர் சொல்லிக் களத்தில் தருகிற பத்து ரூபாய் அதில் வராது. கட்டியங்காரன் எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துத்தான் நக்கலடிப்பான். ஊர்ப் பெரிய மனுசனையும் விடமாட்டான். போனுக்கு முன்னால் அவனுக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. 2022இல் களம் கூடியபோதுதான் கிடைத்தான்.