பதின்பருவ இசை இதழும் வாசகர் ஆய்வும்

பதின்வயதினருக்காக ஓர் இசை இதழைத் தொடங்குவதற்கு முன், அவர்கள் எதைக் கேட்கிறார்கள், கையில் எவ்வளவு காசு புழங்குகிறது, எந்த இதழைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், எதை இரவல் வாங்கிப் படிக்கிறார்கள் என்பதை அறியும் வேலையே வாசகர் ஆய்வு எனப்படுகிறது. அட்டைப்படம், விலை, பக்க எண்ணிக்கை, விளம்பரம் ஆகியவை இந்த ஆய்வை வைத்தே முடிவாகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலம் தொட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது ஒரு தொழிலாக வளர்ந்தது.

தொடக்கம் இசை இதழில் அல்ல. 1944 செப்டம்பரில் நியூயார்க்கில் ‘செவன்டீன்’ இதழ் வெளிவந்தபோது, பள்ளி மாணவிகளைத் தனி வாசகர் கூட்டமாக ஏற்க விளம்பரதாரர்கள் தயங்கினார்கள். ஆசிரியர் ஹெலன் வேலன்டைனும் விளம்பரப் பிரிவைக் கவனித்த எஸ்டெல் எல்லிஸும் பென்சன் அண்ட் பென்சன் என்ற ஆய்வு நிறுவனத்தை அமர்த்தினார்கள். கிடைத்த விடைகளிலிருந்து ‘டீனா’ என்ற கற்பனை மாணவியை உருவாக்கினார்கள். அவளுடைய செலவும் விருப்பமும் அன்றாடமும் அறிக்கையாகி விளம்பரதாரர்களின் மேசைக்குப் போயின. பிற்காலத்தில் பல இதழ்கள் தங்கள் வாசகருக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்துத் திட்டமிட்டதற்கு டீனா ஒரு முன்மாதிரி.

பிரிட்டனில் மார்க் ஏப்ரம்ஸ் 1959இல் வெளியிட்ட ‘தி டீனேஜ் கன்ஸ்யூமர்’ என்ற சிறு நூல் இதே வேலையைச் செய்தது. 15 முதல் 24 வயது வரையுள்ள, மணமாகாத இளைஞர்களை அவர் கணக்கில் எடுத்தார். இசைத்தட்டுகளுக்கும் அவற்றை ஒலிக்கவிடும் கருவிகளுக்கும் நாடு செலவிட்ட பணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இவர்களுடையது என்று கண்டார். பாட்டு மோகம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த ஒன்று பெரிய சந்தை என்பது எண்களில் தெரிந்தது.

ஆனால் பெரிய கணக்கெடுப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. 1956 முதல் நடந்த பிரிட்டனின் தேசிய வாசகர் கணக்கெடுப்பு வாசகர்களை ஏ, பி, சி1, சி2, டி, ஈ என்று குடும்பத் தலைவரின் வேலையை வைத்துப் பிரித்தது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அது விசாரிக்கவே இல்லை. பாட்டு இதழை ஆசையோடு புரட்டும் 12, 13 வயதுப் பிள்ளைகள் அந்த அட்டவணைக்கு வெளியே நின்றார்கள். அவர்களை அறியத் தனி ஆய்வு வேண்டும். அதற்கும் வரம்பு உண்டு: அங்குள்ள சந்தை ஆய்வுத் துறையின் நெறிமுறைப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் கேள்வி கேட்கப் பொறுப்பான பெரியவரின் ஒப்புதல் தேவை.

கேட்கும் விதத்தில்தான் ஆய்வு வெல்கிறது அல்லது வீணாகிறது. “இசை பிடிக்குமா?” என்றால் எல்லாரும் ஆம் என்பார்கள். “போன மாதம் உன் காசில் எந்த இதழ் வாங்கினாய், எங்கே வாங்கினாய், வீட்டில் யார் பார்த்தார்கள்?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். குழுவாக உட்காரவைத்துப் பேசும்போது தோழர்கள் முன்னால் தனக்குப் பிடித்த பாடகரை ஒப்புக்கொள்ளப் பலர் கூசுகிறார்கள். எனவே பையன்களையும் பெண்களையும் தனித்தனியாக, வயது வாரியாக உட்காரவைப்பது நல்லது. போட்டி இதழ்களை மேசையில் பரப்பிவிட்டு, எந்தப் பக்கத்தில் கை நிற்கிறது, எதைக் கிழித்துச் சுவரில் ஒட்டக் கேட்கிறார்கள் என்று கவனிப்பது வினாத்தாளைவிட அதிகம் சொல்லும். புதிய இசை இதழ் ஒன்றின் அட்டை, பொருளடக்கம், இரட்டைப் பக்கக் கட்டுரை ஆகியவற்றைத் தயாரிப்பது பிரிட்டிஷ் பள்ளிகளின் ஊடகப் பாடத்தில் பல ஆண்டுகள் செய்முறைப் பயிற்சியாக இருந்தது. இத்தகைய பயிற்சியில் தன் வகுப்புத் தோழர்களிடம் மட்டும் வினாத்தாள் கொடுக்கும் மாணவருக்குத் தன் ரசனையே திரும்பக் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது கடையில் வைத்துப் பார்ப்பது. நிக் லோகன் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ வார இதழின் ஆசிரியராக இருந்தவர். அது மூத்த இளைஞர்களுக்காக, நீண்ட விமர்சனங்களோடு வந்த இதழ். அவர் அதை விட்டு வந்து திட்டமிட்ட ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ நேர் எதிர்த்திசையில் போனது: வெற்றிப் பாடல்களின் முழு வரிகள், வண்ணப் படங்கள், சின்னச் சின்னச் செய்திகள். நம்மூரில் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் ஈர்ப்பு எதுவோ அதுதான் இதன் ஈர்ப்பும். அதை வெளியிட்ட ஈமேப் நிறுவனம் 1978 செப்டம்பரில் ஒரே ஒரு சோதனை இதழை விற்றுப் பார்த்தது. அதன் பிறகே நவம்பரில் மாத இதழாகத் தொடங்கியது. விரைவில் மாதமிருமுறை ஆனது.

ஆய்வு அதோடு நிற்கவில்லை. ‘பிளாக் டைப்’ என்ற புனைபெயரில் பதில் சொல்லிய கடிதப் பகுதியும் ஆண்டுதோறும் நடந்த வாசகர் வாக்கெடுப்பும் ரசனை மாறுவதை ஆசிரியர் குழுவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. பின்னாளில் ‘பெட் ஷாப் பாய்ஸ்’ இசைக்குழுவின் பாடகரான நீல் டென்னன்ட் 1980களின் முற்பகுதியில் அந்த ஆசிரியர் குழுவில் இருந்தவர். எழுதியவர்கள் வாசகரைக் குழந்தையாக நடத்தவில்லை. அதுவே அந்த இதழின் பெரிய பலம்.

‘கெராங்!’ இசை இதழும் ஏறத்தாழ இதே போல முதலில் கடையில் விற்றுப் பார்த்தே வந்தது. 1981இல் ‘சவுண்ட்ஸ்’ வார இதழின் ஒருமுறைச் சிறப்பு வெளியீடாக வந்து, ஹெவி மெட்டல் இசை ரசிகர்களிடம் விற்ற பிறகே தனி இதழாக நிலைபெற்றது.

அலைபேசியும் இணையமும் பிள்ளைகளின் நேரத்தை எடுத்துக்கொண்டபின் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 2006 பிப்ரவரியில் நின்றது. 2018 மார்ச்சில் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ வார அச்சிதழும் நின்றது. இன்று எந்தப் பாட்டை யார், எத்தனை முறை கேட்டார் என்பது பாட்டுச் செயலிகளில் கணக்காகக் கிடைக்கிறது. அந்தக் கணக்கு கேட்பவரைக் காட்டும். காசு கொடுத்து ஓர் இதழை வாங்கிப் படிப்பவரைக் காட்டாது. புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் ஆய்வுக்கென ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது ஒரு சோதனை இதழுக்குச் செலவிட வேண்டும்.