அச்சு மையின் இரண்டு நிறம் – தொடர் 6

1910 செப்டம்பர் 26. திருவனந்தபுரத்தில் 'சுதேசாபிமானி' அச்சகத்தைப் போலீஸ் பறிமுதல் செய்கிறது. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை கைது. வழக்குமில்லை, விசாரணையுமில்லை. மன்னர் மூலம் திருநாளின் உத்தரவு ஒன்றே போதுமானதாக இருந்தது: ஆளை நாடுகடத்து.

இன்று கேரள எல்லையாக இருக்கும் களியக்காவிளையில் அப்போது எல்லை ஏது? திருவிதாங்கூர் ஆரல்வாய்மொழி வரை நீண்டிருந்த காலம். அவரைக் கொண்டுபோன தெற்குச் சாலை நெய்யாற்றின்கரை வழியாகத்தான் போகிறது. 1878-ல் அவர் பிறந்த அதியன்னூர் அங்கேதான் இருக்கிறது. சொந்த மண்ணைக் கடந்து, ஆரல்வாய்மொழியும் தாண்டி, திருநெல்வேலிச் சீமையில் விடப்பட்டார்.

அப்படி என்ன எழுதிவிட்டார்? திவான் ராஜகோபாலாச்சாரியின் ஊழலையும் நடத்தையையும் இதழுக்கு இதழ் கிழித்தார். பத்திரிகை முதலாளி வக்கம் மௌலவி ஒருமுறைகூடப் பேனாவைப் பிடித்து நிறுத்தவில்லை. ஆசிரியர் போன பிறகு அச்சகம் மட்டும் எதற்கென்று இருந்துவிட்டார். இப்படியொரு முதலாளி இன்று வாய்ப்பது கடினம்.

பத்திரிகை செத்தது. அதன் பெயரோ ஆசிரியர்மேல் ஏறிக்கொண்டது. 'சுதேசாபிமானி' என்றாலே ராமகிருஷ்ண பிள்ளைதான் என்றானது. 1912-ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். 1916-ல் கண்ணூரில் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 37. பின்னாளில் தலைநகரில் சிலையும் எழுந்தது.

சிலைக்குக் கீழே எழுதாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். புலையர் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க அரசு முன்வந்தபோது, அதே 1910-ல், அதே 'சுதேசாபிமானி' எதிர்த்தது. குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதா என்ற தொனியில் தலையங்கம் வந்தது. எழுதியவர் நம் நாயகர்தான். அவருடைய சொல்லைப் படித்தவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்ட காலம் அது. அதனால்தான் இந்தத் தலையங்கம் இன்றும் உறுத்துகிறது.

வேடிக்கையைப் பாருங்கள். அவர் தூற்றிய அதே திவானின் ஆட்சியில், 1911-ல், புலையர்களின் தலைவர் வெங்ஙானூர் அய்யன்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குள் உறுப்பினராக நுழைந்தார். எழுத்துப் படிக்காத அந்த மனிதர் அங்கே கேட்டவற்றில் முக்கியமானது பள்ளிக்கூடம்.

புலையர் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்ன ஆணை தாளில் இருந்தது. பள்ளிகளின் கதவோ சாத்தியே கிடந்தது. அதியன்னூரிலிருந்து அதிக தூரமில்லாத ஊரூட்டம்பலத்தில், ஒருநாள், பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு அய்யன்காளி பள்ளி வாசலில் வந்து நின்றார்.

அந்தப் பள்ளியின் பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தீ வைத்தது ஏன்?

(தொடரும்)