வீடா, சானடோரியமா? சென்னையிலிருந்து போன ஒரு 94 பக்கக் கட்டுரை

திருவண்ணாமலையில் இன்று ஒருவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தால், அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். செங்கத்துக்காரர் ஆனாலும் போளூர்க்காரர் ஆனாலும் அப்படித்தான். நோய் முற்றி மூச்சுத் திணறினால்தான் ஆஸ்பத்திரிப் படுக்கை. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

ஆனால் 1950களின் தொடக்கத்தில் இதைச் சொல்லியிருந்தால் பெரிய டாக்டர்கள் பலர் முறைத்திருப்பார்கள். அப்போது காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரம், பெருந்துறை, மதனப்பள்ளி என்று சில இடங்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, மாதக்கணக்கில் படுக்கை. குடும்பத்தைச் சம்பாதித்துக் காப்பாற்றுகிறவன் போய்ப் படுத்துவிட்டால் அடுப்பு எரியுமா என்பது வேறு கேள்வி. அதைவிடப் பெரிய சிக்கல், இடமே கிடையாது. நாடு முழுவதும் நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ சில ஆயிரங்கள்!

அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோநியாசிட். மருந்துதான் குணமாக்குகிறது என்றால் சானடோரியம் எதற்கு? வீட்டிலேயே விழுங்கினால் ஆகாதா? 'ஆகாது' என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. குடிசையில் நல்ல சாப்பாடு கிடையாது, ஓய்வு கிடையாது. ஒரே அறையில் ஆறு பேர் படுப்பார்கள், குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழைகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட மாட்டார்கள். (கடைசிக் காரணத்தைச் சொன்னவர்களில் எத்தனை பேர் ஒரு குடிசைக்குள் போய்ப் பார்த்திருப்பார்களோ!)

வாதம் செய்துகொண்டே இருந்தால் முடிவு கிடைக்காது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. முதல் ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

எப்படி ஆராய்வது என்பதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1948இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. 107 நோயாளிகள், 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, மூடிய உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. ஆறு மாதத்தில் மருந்துப் பிரிவில் 4 பேர், மற்றதில் 14 பேர் இறந்தார்கள். அந்தச் சீட்டு முறைக்குப் பின்னால் இருந்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர்.

சீட்டு ஏன் அவ்வளவு முக்கியம்? டாக்டரிடம் விட்டால், பிழைக்கக்கூடியவனைத் தனக்குப் பிடித்த சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார். வேண்டுமென்றே அல்ல, தன்னை அறியாமலேயே. பிறகு வரும் முடிவை யார் நம்புவது?

சென்னையிலும் அதே ஒழுங்கு. நகரத்தின் ஏழை நோயாளிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரு பக்கமும் ஒரே மருந்து: ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு. மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்ற சந்தேகத்துக்கும் வழி செய்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். நோயாளி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளவும் இல்லை, அவன் பொய்தான் சொல்வான் என்று முடிவு கட்டவும் இல்லை. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட வெளியாள் ஒருவர்.

1959இல் கட்டுரை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் 51ஆம் பக்கத்திலிருந்து 144ஆம் பக்கம் வரை, மொத்தம் 94 பக்கங்கள்! ஆசிரியர் இடத்தில் தனி மனிதர் பெயர் இல்லை, மையத்தின் பெயர்தான். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வீட்டுச் சிகிச்சைக்குக் கொடி பிடிக்க நினைத்திருந்தால் அந்த ஆறு சதவீத வித்தியாசத்தைப் பூசி மெழுகியிருக்கலாம். செய்யவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதிகம் ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் கூடினார்கள் என்பதையும் எழுதினார்கள். அதுவே அவர்களுக்குச் சாதகமாகவும் முடிந்தது. இவ்வளவு வசதி இருந்தும் குணமாவதில் இவ்வளவுதான் வித்தியாசம் என்றால், வேலை செய்வது மருந்துதானே? சாப்பாட்டின் பங்கை மட்டும் தனியாக அலசி 1961இல் இன்னொரு கட்டுரையும் வந்தது.

பின்னாளில், 1965இல், பிராட்ஃபோர்டு ஹில் மருத்துவக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நான்கு கேள்விகளை முன்வைத்தார். எதற்காக ஆரம்பித்தாய், என்ன செய்தாய், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம்? இன்றைய கட்டுரைகளில் இருக்கும் அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதிகளும் இந்தக் கேள்விகளின் பதில்கள்தான். இவற்றில் எல்லோரும் அவசரமாகத் தாண்டுவது இரண்டாவதை. சென்னைக் கட்டுரையின் பலமே அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் குற்றம் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாத் தகவலையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது: வீட்டுக் குழந்தைகள்? இதற்கு ஓராண்டு போதாது என்று ஐந்தாண்டுகள் குடும்பத்தாரைக் கவனித்தார்கள். 1966இல் அதே புல்லட்டினில் பதில் வந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாக இல்லை. பரவுவதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை.

தங்களுக்குப் பிடிக்காத முடிவையும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதே வட்டாரத்தில் நடந்தது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கான மக்களிடம் சோதித்தார்கள். தடுப்பூசி காக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1979இல் வந்த முதல் அறிக்கை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றது. 15 ஆண்டு முடிவுகள் 1999இல் வந்தபோதும் அதே பதில். குழந்தைகளைக் கடுமையான வகைகளிலிருந்து காப்பாற்றுகிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடப்படுகிறது.

சேத்துப்பட்டு மையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சௌரி முத்து என்ற டாக்டர் 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் பெயர் இன்று ரயில் நிலையத்தில் அப்படியே இருக்கிறது. மருத்துவமனையும் இருக்கிறது. 1990களில் அதன் படுக்கைகளுக்கு வேறொரு நோய்க்காரர்கள் வந்தார்கள், மற்ற ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகள். அவர்களில் பலருக்குக் காசநோயும் இருந்தது.