ஆங்கிலக் கடிதத்தில் பதவிப் பெயர்: பெரிய எழுத்து எங்கே, சிறிய எழுத்து எங்கே?



வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும், ஜமாஅத் சார்பில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் நிர்வாகிகளும் அடிக்கடி தடுமாறும் இடம் இது. தமிழிலும் அரபியிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் பெரிய எழுத்து என்றால் மரியாதை என்று எண்ணி, மேனேஜர், அக்கவுண்டன்ட், டிரைவர் என எல்லாப் பதவிகளையும் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இது மரியாதை பற்றியதல்ல. அந்தச் சொல் பெயரின் பகுதியா, பொதுச் சொல்லா என்பதே கேள்வி.

சிகாகோ மேனுவல், அசோசியேட்டட் பிரஸ் ஆகிய நடைக் கையேடுகள் பொதுவாகக் கூறும் முறை இது:

1. பட்டம் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து: இமாம் அஹ்மத்.

2. பெயருக்குப் பின் காற்புள்ளியிட்டு வந்தால் சிறிய எழுத்து: அஹ்மத், மேனேஜர்.

3. பெயரே இல்லாமல் வந்தால் சிறிய எழுத்து. 'ஐந்தாண்டுகள் அக்கவுண்டன்ட்டாக வேலை செய்தேன்', 'இமாம் தொழுகை நடத்தினார்' என்ற வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது பதவிக்குப் பெரிய எழுத்து வேண்டாம்.

4. டிரைவர், அக்கவுண்டன்ட் போன்றவை பட்டங்கள் அல்ல, தொழிலைச் சொல்பவை. பெயருக்கு முன் வந்தாலும் இவை சிறிய எழுத்துதான்.

5. கடிதத்தின் முகவரி, கையொப்பத்தின் கீழ் வரும் பதவி, சிவியில் தலைப்பாக நிற்கும் பதவி ஆகியவற்றில் பெரிய எழுத்து. கலெக்டருக்கு ஜமாஅத் எழுதும் மனுவின் முகவரியும் இதில் அடங்கும்.

6. சி.இ.ஓ. போன்ற சுருக்கங்கள் எங்கு வந்தாலும் முழுவதும் பெரிய எழுத்து. அதையே விரித்து எழுதினால் மேற்கண்ட முறைகள் பொருந்தும்.

சில நிறுவனங்கள் தங்கள் ஆவணங்களில் எல்லாப் பதவிகளையும் பெரிய எழுத்தில் எழுதுவதுண்டு. அங்கே பணியில் சேர்ந்தபின் அந்த வழக்கத்தையே பின்பற்றலாம். ஒரே கடிதத்தில் ஓரிடத்தில் பெரியதும் இன்னோரிடத்தில் சிறியதுமாகக் கலந்து வருவதுதான் கவனக்குறைவாகத் தெரியும்.

எழுத்தின் அளவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அனுபவச் சான்றிதழில் உதவியாளர் என்றிருந்தால், சிவியிலும் உதவியாளர் என்றே எழுதுங்கள். பதவியை உயர்த்தி எழுதுவது பொய். சான்றிதழைச் சரிபார்க்கும்போது வேலையும் கைநழுவலாம். உள்ளதை உள்ளபடி எழுதுவோம். அதில்தான் பரக்கத் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.