கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894)

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடி இந்தியப் பெண்களில் ஒருவர், ஆசிரியை. அகமதுநகரில், கிறிஸ்தவம் தழுவிய மராத்திப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தும், உடல்நலம் கெட்டதால் ஓராண்டிலேயே படிப்பை விட நேர்ந்தது. சாமுவேல் சத்தியநாதனை மணந்த பின், கணவர் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்ததால், 1880களின் முற்பாதியில் உதகமண்டலத்தில் குடியிருந்தார். இவரைப் பற்றி எழுதுவோர் பலரும் இந்தக் காலத்தை நோயாளி ஒருவர் மலைக்காற்று வாங்கிய இடைவேளையாக எண்ணி, ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. கல்லூரியில் அறுபட்ட உழைப்பு வேறு வடிவில் மீண்டது இங்கேதான். திருச்சபை ஊழியச் சங்கத்தின் உதவியோடு முஸ்லிம் சிறுமிகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு சில பெண்கள் பள்ளிகளிலும் பாடம் நடத்தினார். உதகையில் வெளிவந்த ‘சவுத் இந்தியா அப்சர்வர்’ இதழில், நீலகிரி மலைக்குடியினரான தோடர்களைச் சந்தித்ததைப் பற்றிய இவருடைய முதல் கட்டுரையும் அச்சேறியது. அதில் அவர் பெயர் இல்லை. எழுதியவர் ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்று மட்டும் இருந்தது.

நாவல்கள் பின்னால் சென்னையில்தானே வந்தன என்று கேட்கலாம். உண்மைதான். ‘சகுணா’ 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. ‘கமலா’ 1894இல் நூலானது. ஆனால் சகுணாவின் கதை எழுதியவரின் வாழ்க்கையையே ஒட்டியது. படிக்கத் துடிக்கும் பெண்ணும் அவள் வழியில் நிற்கும் தடைகளுமே அதன் உயிர். வகுப்பறையில் அந்தத் தடைகளை நேரில் பார்த்தவருக்கு அவை தன் சொந்தத் துயரமாக மட்டும் தெரிந்திருக்காது. தோடர் கட்டுரை வெள்ளைக்காரப் பயணிகள் வழக்கமாக எழுதியதன் எதிரொலிதானே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். இதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் விருந்தாளியின் எழுத்து அது. பிரீக்ஸ் பள்ளிக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரீக்ஸ் என்ற நீலகிரி ஆணையரும் மலைக்குடிகளைப் பற்றி எழுதியவர்தான். இருந்தாலும் ஆட்சியாளர் அறிக்கையும், இந்தியப் பெண் ஒருத்தி செய்தித்தாளில் எழுதுவதும் ஒன்றாகிவிடாது. தான் பார்த்ததைப் பொதுவெளியில் சொல்லும் உரிமையை அவர் முதலில் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டுரையில்தான், பெயரை மறைத்துக்கொண்டேனும்.

தமிழில் எழுதாத மராத்தியருக்குத் தமிழ்க் களஞ்சியத்தில் என்ன இடம் என்போருக்கும் விடை உண்டு. பள்ளி நடத்தியது உதகையில். புகுந்த வீடு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். மாமியார் அன்னா சத்தியநாதனே பெண் கல்விக்கு உழைத்தவர். இரு நாவல்களும் விரைவிலேயே தமிழாக்கம் பெற்றன. கிருபாபாய் 1894 ஆகஸ்டில், 32 வயதில் சென்னையில் காலமானார். ‘சகுணா’ நூலாக வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.