இருதய நோயும் குறியெண்ணும்

ஐக்கிய அமெரிக்காவில் முடியுருநாடி நோய் மரணங்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து குறையலாயின. ஆயின், 1968இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய்ப் பாகுபாட்டின் எட்டாம் திருத்தம், உயர் குருதியமுக்கத்தோடு கூடிய முடியுருநாடி நோயையும் 410 முதல் 414 வரையான குறியெண்களுள் அடக்கியது. குறைந்தது நோயா, மாறியது எண்ணா? 1978இல் கூடிய பெதெஸ்டா மாநாடு வீழ்ச்சி மெய்யே எனக் கண்டது, காரணமோ துலங்கவில்லை.

குறியெண் மட்டும் அதற்கு விடை பகராது. எனவே, 1980களில் உலக சுகாதார தாபனத்தின் மொனிக்கா ஆய்வு, 21 நாடுகளில், நோய்க்குறி, இதயமின் வரைபு, நொதியச் சோதனை ஆகியவற்றை வைத்தியசாலைப் பதிவேடுகளிலிருந்து திரட்டி, மாரடைப்புகளை ஒரே அளவுகோலால் மீள நிர்ணயித்தது. 1999இல் முடிவு வெளியாயிற்று: மரணம் குறைந்த இடங்களில், அக்குறைவின் மூன்றில் இரண்டு பங்கு மாரடைப்பே அருகியதாலும், எஞ்சியது பிழைத்தோர் பெருகியதாலும் விளைந்தது. குறியெண் சான்றே, தீர்ப்பன்று.